பேய்க்கு ஆகாத பொருள்கள்

திண்டுக்கல் சீமை: 17ஆம் பகுதி

நிலக்கோட்டை, ஆத்தூர், வேடசந்தூர் பக்கத்து ஊர்களில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கறிக்குழம்பு போனால், தூக்குவாளியோடு ஓர் அடுப்புக்கரித் துண்டும் போகும். கரி இல்லாவிட்டால் ஓர் ஆணி. பிள்ளை பெற்றவளின் பாய்க்கடியில் அரிவாளோ பாக்குவெட்டியோ கிடக்கும்; நிலைப்படியில் வேப்பங்கொத்து செருகியிருக்கும். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே உட்கார வைக்கும்போது பூண் போட்ட உலக்கையை எடுத்து வைப்பார்கள். கோடாங்கி உடுக்கை அடித்துப் பேயை இறக்கியதும், பிடிபட்டவளின் உச்சிமயிரில் ஒரு கொத்தைப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைவார். இரும்பு, வேம்பு, கரி, கடுகு, மிளகாய், விளக்குமாறு, செருப்பு, திருநீறு என்று பேய்க்கு ஆகாதவற்றின் வரிசை நீளமானது. சென்ற பகுதியில் இந்தச் சமவெளியின் பேய்களைப் பார்த்தோம். அவற்றுக்கு இன்னின்னது ஆகாது என்ற முடிவு எங்கிருந்து வந்தது என்பது இந்தப் பகுதியின் கேள்வி.

கேட்டவுடன் வரும் பதில், சாமி கொடுத்தது என்பதுதான். அதற்குச் சான்றும் கண்முன்னே இருக்கிறது. திண்டுக்கல் மலையடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலில் வேப்பிலை அம்மனுக்கு உரியது. பழனியில் திருநீறும் வேலும் முருகனுக்கு உரியவை. 19ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் பேய்களை வகை வகையாகப் பேர் சொல்லி அழைத்து, அத்தனையும் முருகன் பேரைக் கேட்டதும் ஓட வேண்டும் என்கிறது. கிறிஸ்தவ வீட்டில் சிலுவையும் தீர்த்தமும் அந்த வேலையைச் செய்கின்றன. முஸ்லிம் வீட்டில் ஓதி ஊதிய தண்ணீரும் தாயத்தும். மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பயந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லா மதத்துத் தாய்மாரும் நிற்பது தமிழ்நாட்டு ஊர்களில் நெடுநாள் வழக்கம். ஆனால் இந்தக் காட்சியே அந்தப் பதிலுக்கு எதிராகவும் நிற்கிறது. சிலுவை கிறிஸ்தவருடையது, திருநீறு சைவருடையது என்று பிரிக்கலாம். பாய்க்கடியில் கிடக்கும் இரும்பை அப்படிப் பிரிக்க முடியாது. எந்தச் சாமி பெயரும் சொல்லாமல் அதை வைக்கிறார்கள். வைக்கிறவர் பூசாரியும் இல்லை, பெரும்பாலும் வீட்டுக் கிழவிதான். வேம்பும் கடுகும் இரும்பும் கோயிலுக்கு வருவதற்கு முன்பே வீட்டில் இருந்தவை. படுத்துக் கிடக்கும் உடலுக்குச் சொந்தக்காரர் காவல் இருந்தபோது கையில் எடுத்த பொருள்கள் அவை. மதங்கள் பின்னால் வந்து அவற்றைத் தமதாக்கிக்கொண்டன என்பதே என் வாதம்.

இதற்கு முதல் சான்று சங்கப் பாட்டு. புறநானூற்றின் 281ஆம் பாட்டு அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்டு வந்த தலைவன் வீட்டில் கிடக்கிறான். அவன் மனைவி தோழியை அழைத்துச் செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். இரவ மரத்தின் தழையையும் வேப்பந்தழையையும் வீட்டில் செருக வேண்டும். யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்க வேண்டும். மை இழுக வேண்டும், ஐயவியைத் தூவ வேண்டும், ஆம்பல் குழல் ஊத வேண்டும், மணி அடிக்க வேண்டும், காஞ்சிப் பண் பாட வேண்டும், வீடு முழுக்க நறும்புகை போட வேண்டும். எதற்கு? அவனுடைய புண்ணைக் காக்க. 296ஆம் பாட்டில் இதே காரியம் ஒரு வீட்டோடு நிற்கவில்லை. வேப்பங்கொம்பை ஒடிப்பதும், காஞ்சி பாடுவதும், நெய் பூசிய கையோடு ஐயவி புகைப்பதுமாக எல்லா வீடும் ஆரவாரமாக இருக்கிறது. போன தேர் ஒன்றுதான் இன்னும் திரும்பவில்லை. ஐயவி என்பது நாம் மருந்துக் கடையில் வெண்கடுகு என்று கேட்டு வாங்குவது. இரண்டு பாட்டிலும் தெய்வத்தின் பெயர் இல்லை, பூசாரி இல்லை, மந்திரம் இல்லை. வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள்.

போர்ப்புண்ணுக்கு மட்டும் இந்தக் காவல் என்று நினைக்க வேண்டாம். நற்றிணை 40ஆம் பாட்டில் பிள்ளை பெற்ற வீடு வருகிறது; அங்கும் காவலுள்ள மனையில் மணி ஒலிக்கிறது, நெய்யாடிய தாயின் உடம்பில் ஐயவி இருக்கிறது. மணிமேகலையில் குழந்தையின் நெய் தடவிய உச்சிக்குடுமியில் ஐயவி அப்பியிருக்கிறது. குழந்தையின் மார்பில் கட்டும் ஐம்படைத்தாலியும் இந்த வகைதான். ஐந்து படைக்கலங்களைச் சிறு உருவாகச் செய்து நூலில் கோத்தது. புண்பட்டவன், பிரசவித்தவள், பச்சைப்பிள்ளை என்ற மூவருக்கும் ஒரே பொருள்கள் காவலாகின்றன. மூவருக்கும் பொதுவானது எது? இரத்தம் காயாத உடம்பு, தானாக எழுந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாத உடம்பு. கறிக்குழம்போடு போகும் கரித்துண்டின் கணக்கும் இதில் அடங்கிவிடும்: அதுவும் இரத்தமும் சதையும் சம்பந்தப்பட்டது, அதுவும் வீட்டை விட்டு இருட்டில் தனியே போகிறது.

இந்தப் பாட்டுகளில் பேய் என்ற சொல்லே இல்லையே, இது வெறும் மருத்துவமாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அந்த ஐயத்தைத் தொல்காப்பியம் தீர்க்கிறது. புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளைச் சொல்லும்போது, புண்பட்டவனைப் பேய் நெருங்காதபடி மனைவி விலக்கிக் காப்பதைத் தொடாக்காஞ்சி என்கிறது. அதே நூற்பாவில் இன்னொரு துறையும் உண்டு. காக்கும் சுற்றம் யாரும் இல்லாமல் களத்தில் கிடக்கிற புண்பட்டவனைப் பேயே காத்து நிற்பது. அதற்குப் பேய்ப்பக்கம் என்று பெயர். இந்த இரண்டு துறைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். உறவு பக்கத்தில் இருந்தால் பேய் தொடாது. உறவு இல்லாவிட்டால் அந்த இடத்தில் பேய் வந்து உட்காரும். கடுகும் வேம்பும் இலக்கணத்தில் பேசப்படவே இல்லை. பேய்க்கு ஆகாதது என்று இலக்கணம் குறிப்பது மனைவி அங்கே இருப்பதை. மற்றவை அவள் கையில் இருக்கும் பொருள்கள். வைகைக் கரையில் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று, ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுத்தது. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் புண்பட்டவர்கள் வாழ்ந்த நிலம் திண்டுக்கல்லுக்கு அருகிலேயே இருந்தது. அந்தப் பாட்டுகளை எங்கோ நடந்த கதையாக நாம் படிக்க வேண்டியதில்லை.

தெய்வம் இல்லாமல் சங்க காலத்தில் நோய் தீர்த்தார்களா, வெறியாட்டு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மகள் மெலிந்தால் தாய் வேலனைக் கூப்பிட்டாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து, இது முருகனால் வந்தது என்றான். ஆடு அறுத்துக் களம் போட்டு ஆடினான். ஆனால் அந்தப் பாட்டுகளில் மெலிவுக்குக் காரணம் காதல் என்பது தோழிக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். வேலனின் தீர்ப்புத் தவறு என்பதுதான் பாட்டின் சுவை. இன்ன நோய் என்று தெரியாதபோது வெளியிலிருந்து ஆள் வந்தான். புண்ணும் பிரசவமும் கண்ணுக்குத் தெரிந்தவை. அங்கே வேலனுக்கு வேலை இல்லை, வீடே பார்த்துக்கொண்டது. இரண்டும் வேறு வேறு வழக்கங்கள் என்பதைப் பாட்டுகளே காட்டுகின்றன. பின்னாளில் இவை கலந்துவிட்டன. வேலன் கையிலிருந்த வேல் பேய்க்கு ஆகாத இரும்பின் பெரிய உருவாகி, கவசம் பாடும் வீடுகளில் இன்று இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

இரும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 281ஆம் பாட்டின் வரிசையில் இரும்பு இல்லை. பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் நடந்த அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றில் வைத்திருந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. தமிழகத்துப் பெருங்கற்காலப் புதைகுழிகளில் இரும்புக் கருவிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. செத்தவன் எழுந்து வராதபடி இரும்பு வைத்தார்கள் என்று இதைக் கொண்டு முடிவு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெல்லும் மணியும் வைத்த கையே இரும்பையும் வைத்திருக்கிறது, அது கொடை. செத்தவரைக் கட்டிப்போட வைத்த இரும்பு எப்படி இருக்கும் என்பதற்குப் போலந்தின் டிராவ்ஸ்கோ இடுகாட்டைப் பார்க்கலாம். 17, 18ஆம் நூற்றாண்டுப் பிணங்கள் சிலவற்றின் கழுத்துக்குக் குறுக்கே அரிவாளை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். நம் புதைகுழி இரும்பு அப்படிப் பேசவில்லை.

இரும்பு பேய்க்கு ஆகாது என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லும் பழைய கதை பழையனூர் நீலியின் கதை. திருவாலங்காட்டுப் பதிகத்தில் 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் இதைக் குறிப்பிடுகிறார், ஆகவே கதை அதற்கும் முந்தியது. முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க நீலி வருகிறாள். இந்தப் பிறப்பில் வணிகனான அவன் கையில் மந்திரவாள் இருப்பதால் அவளால் நெருங்க முடியவில்லை. அவள் என்ன செய்தாள்? கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் இவன் மனைவி, இவன் என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் வழக்கு வைத்தாள். சபை அவளை நம்பி, வாளை வாங்கி வைத்துவிட்டு இருவரையும் ஒரு வீட்டில் தங்க வைத்தது. காலையில் அவன் பிணம். அவன் உயிருக்குப் பிணை சொன்ன எழுபது பேரும் தீப்புகுந்தார்கள். வாள் வலிமையுள்ளது என்று இந்தக் கதை சொல்வது மேலோட்டம். உள்ளே இருப்பது வேறு: ஊரைவிட்டுத் தனியாக வந்தவன், சுற்றம் இல்லாதவன், பேய் அவனை அணுகியது அவனுடைய சுற்றமாக வேடம் போட்டு. தொல்காப்பியம் இரண்டு துறையாகப் பிரித்து வைத்ததைக் கதை ஒரே ஆளில் கொண்டு வந்துவிட்டது. காவலிருக்க வேண்டிய மனைவியின் இடத்தில் பேயே உட்கார்ந்துவிட்டால் இரும்பால் பயன் இல்லை.

இனி, படித்தவர்கள் அடிக்கடி சொல்லும் மறுப்புக்கு வருகிறேன். வேம்பு கிருமிநாசினி, கடுகுப் புகை பூச்சியை விரட்டும், புளியமரம் இரவில் கரியமில வாயு விடும். முன்னோர் அறிவியலைத்தான் பேய் என்ற பெயரில் சொல்லி வைத்தார்கள் என்பது அந்த மறுப்பு. முன்னோரின் மேல் உள்ள மரியாதையால் பிறந்த வாதம் இது, ஆனாலும் தவறு. இரவில் எல்லா மரமும் கரியமில வாயு விடுகிறது. திறந்த வெளியில் அந்த அளவு யாரையும் மூச்சுத்திணற வைக்காது. புளிக்கு மட்டும் தனி விஷம் இல்லை. வேம்புக்கு மருத்துவக் குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் வேம்பை அரைத்துப் புண்ணில் போடவில்லை, வீட்டில் செருகினார்கள். பாய்க்கடி இரும்பு எந்தக் கிருமியையும் கொல்லாது. கொல்லாதது மட்டுமா? அரிவாளாலும் கத்தியாலும் கொப்பூழ்க்கொடி அறுத்த காலத்தில் மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி அதன் வழியாகவே ஏறிப் பச்சைக்குழந்தைகளை ரணஜன்னியில் கொன்றது. தடுப்பூசியும் கொதிக்க வைத்த கருவியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் பரவிய பிறகுதான், 2015இல், அந்த நோய் பிரசவத்தோடு வருவது இந்தியாவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. காவல் என்று பக்கத்தில் வைத்த பொருளே எமனாக வந்த வரலாற்றை, முன்னோர் அறிவியல் என்று பூசி மெழுகக் கூடாது.

காய்ச்சல் விஷயத்திலும் இப்படித்தான். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளைக் கொள்ளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. சென்னை அரசு அமைத்த மருத்துவர் குழுவின் அறிக்கை 1816இல் அச்சானது. குழுவில் ஒருவர் ஒயிட்லா ஐன்ஸ்லி. கெட்ட காற்றும் பருவம் தப்பிய மழையும் காய்ச்சலைக் கொண்டு வரும் என்பதே அந்தக் காலத்து வைத்தியத்தின் நம்பிக்கை. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டில். இரத்தம் குடிக்கும் டிராகுலாவைப் பற்றி பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவல் லண்டனில் வெளியானதும் அதே 1897இல்தான். உண்மையில் இரவில் வந்து இரத்தம் குடித்து ஊரைச் சாய்த்தது எது என்று தெரிவதற்கு முன்னால் வாழ்ந்தவர்கள், அதைத் தடுக்கும் பொருளைத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பது பொருந்தாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே: படுத்தவரைத் தனியே விடக் கூடாது.

டிராகுலா பெயர் வந்துவிட்டதால் ஐரோப்பியக் கதையையும் ஒப்பிட்டுவிடலாம். இரத்தக்காட்டேரியும் அங்கத்திய இரத்தப்பேயும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, அதனால்தான் இரண்டுக்கும் ஒரே மாதிரி பலவீனம் என்று சொல்பவர்கள், அங்கே வாசலில் கசகசாவும் கடுகும் தூவுவதையும் இங்கே ஐயவி தூவுவதையும் இணைத்துக் காட்டுவார்கள். செயல் ஒன்று போலிருக்கிறது, காரணம் வேறு. அங்கே தூவிய விதையை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்காமல் பேயால் நகர முடியாது, அதற்குள் விடிந்துவிடும் என்பது நம்பிக்கை. நம் பாட்டில் ஐயவியை எண்ணும் பேய் இல்லை. புகைப்பதும் உடம்பில் அப்புவதும்தான். இன்றும் கடுகையும் மிளகாயையும் சுற்றி நெருப்பில் போட்டு, அது வெடித்து நெடி அடிக்கிறதா என்று பார்க்கிறோமே தவிர எண்ணிப் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய வேறுபாடு, பகை யார் என்பதில் இருக்கிறது. 1725இல் செர்பியாவின் கிசிலோவாவிலும், பிறகு 1732 அறிக்கையில் வரும் மெத்வேஜியாவிலும், ஊரில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததும் மக்கள் குழியைத் தோண்டினார்கள். அழுகிய உடல் உப்புவதும் வாயோரம் இரத்தம் கசிவதும் இயற்கை என்று தெரியாமல், அந்தப் பிணம் உயிரோடு இருப்பதாக நம்பி, மார்பில் முளை அடித்து எரித்தார்கள். ஆகவே அங்கே பலவீனம் எல்லாம் பிணத்தைக் குறிவைத்தவை. 1755இல் பேரரசி மரியா தெரசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் அறிக்கையைக் கேட்டுப் பிணம் தோண்டுவதைத் தடை செய்தார். நம் பேய்க்கு உடம்பு இல்லை. முளை அடிக்க மார்பு ஏது? புளியமரத்து ஆணி அதற்குக் கிட்டத்தில் வருகிறது, ஆனால் அந்த ஆணியில் சிக்குவது உயிரோடு இருப்பவளின் மயிர்.

வெயிலும் அப்படியே. வெயில் பட்டால் பேய் சாகும் என்பது ஐரோப்பாவிலும் பழைய நம்பிக்கை இல்லை. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். 1922இல் வந்த முர்னாவின் நொஸ்பெராட்டு படம்தான் சூரிய ஒளியில் அவனைக் கரைய வைத்தது. இங்கேயோ உச்சிவேளையே பேய்க்கு உகந்த நேரம். நண்பகலில் புளியந்தோப்புப் பக்கம் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். வெயில் உக்கிரமாக இருக்கிற, வழியில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் அது. ஒளிக்கு அஞ்சாத பேய், ஆள் இருப்பதற்கு அஞ்சுகிறது.

மதங்கள் இந்தப் பொருள்களை ஏற்றுக்கொண்டபோது ஒன்றைச் சேர்த்தன. காவலிருக்கும் உறவின் இடத்தில் தெய்வத்தை அமர்த்தின. அம்மை கண்டவரை வேப்பிலையில் கிடத்தி, மாரியம்மாளே வந்திருக்கிறாள் என்றார்கள். பெரியம்மை இந்தியாவில் 1975இல் ஒழிந்த பிறகும் வேம்பு அம்மனிடம் நிலைத்துவிட்டது. கருவுற்றவளின் இரத்தம் குடிக்கும் என்று அஞ்சிய காட்டேரியையும் அம்மனாக்கினார்கள். கயானாவுக்குக் கப்பலேறிய தமிழர்கள் அங்கே அவளைத் தாயையும் சேயையும் காப்பவளாக வணங்குகிறார்கள். காவலுக்கு ஆள் போதாத குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இனிதான் வருகிறது. பேய்க்கு ஆகாதது என்று சொல்லி எத்தனை பெண்களை வேப்பங்குழையால் அடித்திருக்கிறார்கள், விளக்குமாற்றால் இழிவுபடுத்தியிருக்கிறார்கள். இதை உறவின் காவல் என்று எப்படிச் சொல்லலாம்? சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். தென்னாற்காட்டுப் பக்கம் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்து இசபெல் நபக்கோவ் 2000இல் வெளியிட்ட நூலில், பேய் பெரும்பாலும் பிடிப்பது அண்மையில் மணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணை என்கிறார். பிறந்த வீட்டுச் சுற்றத்தை விட்டு வந்தவள், புது ஊரில் தனியே நடந்தவள். அவளுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்காரும் ஆள், கிடைத்தது அடி. பொருள் கையை விட்டுப் பிரிந்து தனியே நிற்கத் தொடங்கினால் இதுதான் நடக்கும். அதன் கடைசி எல்லையை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். மனநலம் குன்றியவர்களைப் பேய் பிடித்தவர்கள் என்று நம்பித் தர்கா ஊருக்குக் கொண்டுவந்து விட்டுப் போன குடும்பங்கள் பல. அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் விடியற்காலை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இரும்பு இருந்தது; அந்த நேரத்தில் பூட்டைத் திறந்துவிட ஒரு சொந்தக்காரர் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 95ஆம் பிரிவில் சொல்கிறது. பாய்க்கடியில் கிடக்கும் பாக்குவெட்டியை யாரும் சட்டம் போட்டு எடுக்க வேண்டியதில்லை, பக்கத்தில் அந்தக் கிழவி விழித்திருக்கிற வரைக்கும், கொப்பூழ்க்கொடியை ஆஸ்பத்திரிக் கத்தி அறுக்கிற வரைக்கும்.